ரிலீஸ் மாற்றினேன், அம்பு சிதறுகிறது: காம்பவுண்ட் வில்லாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காம்பவுண்ட் வில் என்பது இரு முனையிலும் கேம் என்ற சக்கரம் வைத்த வில், முழுதாக இழுத்ததும் கையில் எடை குறையும். இதில் நாணை விரலால் பிடித்து இழுப்பதில்லை. நாணில் கட்டியிருக்கும் டி-லூப் என்ற சின்னக் கயிற்று வளையத்தில் ரிலீஸ் என்ற கைக்கருவியின் கொக்கியை மாட்டி இழுக்கிறோம். அம்பு புறப்படுவதற்கு முன் நம் கை கடைசியாகத் தொடுவது இந்தக் கருவியைத்தான். அதனால் இதை மாற்றினால் எல்லாமே கொஞ்சம் ஆடிப்போகும்.

நான் நாலு வருடம் மணிக்கட்டு ரிலீஸ், ஒரு வருடம் கட்டைவிரல் ரிலீஸ் வைத்து எய்தேன். இப்போது ஹிஞ்ச். இரண்டு முறை மாற்றியதில் முதல் முறை செய்தது முழுக்கத் தப்பு. மைதானத்தில் புதிதாக மாற்றுகிறவர்கள் என்னிடம் கேட்பதையும், அன்று நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மொத்தம் எத்தனை வகை ரிலீஸ் இருக்கிறது?

நாலு என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது மணிக்கட்டுப் பட்டையோடு வருவது. ஆள்காட்டி விரலால் துப்பாக்கி விசை போல இழுக்க வேண்டும். அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்கள் அதிகம் வைத்திருப்பது இதுதான், ஏனென்றால் கையிலிருந்து நழுவி விழாது. நம் ஊரில் பலரும் முதலில் வாங்குவதும் இதுவே. இரண்டாவது, உள்ளங்கையில் பிடித்துக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்துவது.

மூன்றாவது ஹிஞ்ச். இதில் பொத்தானும் இல்லை, விசையும் இல்லை. கதவுக் கீல் போல அதன் உடல் ஓர் அச்சில் திரும்பும். உள்ளே பிறை வடிவத்தில் ஒரு துண்டு இருக்கிறது. குறிப்பிட்ட அளவு திரும்பியதும் கொக்கி அந்தப் பிறையின் விளிம்பிலிருந்து நழுவி நாணை விட்டுவிடும். நாலாவது ரெசிஸ்டன்ஸ். முழுதாக இழுத்து நிற்கும்போது கையில் இருக்கும் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் இது தானாகத் திறக்கும்.

இந்த நாலுக்கும் அடங்காத அமைப்புகளும் உண்டு. இரண்டு கைகளும் இல்லாத இந்திய வீராங்கனை ஷீத்தல் தேவி காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து, தாடையின் பலத்தால் அம்பை விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணியில் வெண்கலம் வாங்கியது அப்படித்தான். விரலில்தான் எல்லாம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

சைட்டில் குறிபார்க்க இருக்கும் பின் (ஊசிமுனை) இலக்கின் நடு மஞ்சளுக்கு வந்ததும் என் விரல் தானாக விசையைத் தட்டிவிடுகிறது. ரிலீஸை மாற்றினால் சரியாகுமா?

ரிலீஸ் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் காரணத்தோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

எனக்கு அது ஆரம்பித்தது கூடத் தெரியவில்லை. ஒருநாள் எங்கள் மூத்த வில்லாளி ஒருவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, நீ அம்ப விடல, தட்டிவிடுற" என்றார். நான் நம்பவில்லை. அடுத்த முறை நான் இழுத்து நின்றபோது விசைக்குப் பின்னால் அவர் தன் விரலை வைத்து அடைத்துக்கொண்டார். விசை நகரவில்லை. ஆனால் பின் மஞ்சளைத் தொட்டதும் என் வில் கை வெடுக்கென்று கீழே குதித்தது. அம்பு போகவே இல்லை, கை மட்டும் போனது மாதிரி.

சங்கதி என்னவென்றால், விட்ட பிறகு நாணிலிருந்து அம்பு கழல ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கூட ஆகாது. விட்ட பிறகு நாம் பதறினால் பெரிதாகக் கெட்டுப்போகாது. "இப்போது விடப்போகிறேன்" என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் தொல்லை. அதிர்ச்சி வரப்போகிறது என்று தெரிந்ததும் தோளும் கையும் அதற்கு முன்பே தயாராகின்றன, அந்தத் தயாராவதுதான் பின்னைத் தள்ளுகிறது. இது முற்றினால் பின்னை மஞ்சளுக்குள் கொண்டுவரவே முடியாது. கறுப்பிலோ நீலத்திலோ ஒட்டிக்கொண்டு நிற்கும். டார்கெட் பேனிக் என்பது இதைத்தான்.

சரி, கருவியை மாற்றினால் தீருமா? நான் கட்டைவிரல் ரிலீஸுக்கு மாறினேன். இரண்டு வாரம் அற்புதமாக இருந்தது. பொத்தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் போகும் என்று கட்டைவிரலுக்குத் தெரியாத வரைக்கும் அற்புதம். தெரிந்த நாளிலிருந்து அதுவும் தட்ட ஆரம்பித்தது. ஆள்காட்டி விரலின் வியாதி கட்டைவிரலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். புதுக் கருவி உங்களுக்கு வாங்கித் தருவது அந்த இரண்டு வாரத்தை மட்டுமே. அதற்குள் விடும் வேலையை விரலிடமிருந்து பிடுங்கித் தோள்பட்டையிடம் கொடுத்துவிட்டால் பிழைத்தீர்கள்.

அப்படியானால் மணிக்கட்டு ரிலீஸிலிருந்து எதற்குப் போகலாம்?

பேனிக் இல்லை, கையில் பிடிக்கும் வகை வேண்டும் என்று மட்டும் ஆசை என்றால் கட்டைவிரல் ரிலீஸுக்குப் போங்கள். பழகச் சுலபம், ஆபத்தும் குறைவு. பேனிக் இருந்தால் ஹிஞ்ச் அல்லது ரெசிஸ்டன்ஸ். இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் ஹிஞ்ச் என்பேன். காரணம் என் அனுபவம் தவிர வேறில்லை. ரெசிஸ்டன்ஸில் அவசரப்பட்டு ஒரு வெட்டு வெட்டி இழுத்தும் அம்பை அனுப்பிவிட முடிகிறது. ஹிஞ்சிலும் மணிக்கட்டைச் சுண்டி ஏமாற்றலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஏமாற்று வேலை அம்பு விழும் இடத்தில் உடனே தெரிந்துவிடுகிறது.

வாங்கும் முன் இரவல் வாங்கி எய்து பாருங்கள். இவை பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, விலை கடிக்கும். ஒருவர் கைக்குப் பிடித்த வளைவு இன்னொருவர் கைக்குப் பிடிப்பதில்லை.

புது ரிலீஸ் கைக்கு வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்வது?

வில்லை எடுக்காதீர்கள்.

டி-லூப் கட்டும் அதே கயிற்றில், அல்லது தடித்த நைலான் கயிற்றில், இழுத்து நிற்கும்போது வில் கைக்கும் தாடைக்கும் உள்ள தூரத்துக்கு ஒரு வளையம் கட்டுங்கள். ஒரு பக்கத்தை வில் பிடிக்கும் கையின் பெருவிரல் மேட்டில் மாட்டி, மறுபக்கத்தில் ரிலீஸைக் கொக்கி போட்டு, வில் இழுப்பது போலவே நின்று இழுங்கள். கயிறு விடுபடும்போது வில் கை முன்னாலும் ரிலீஸ் கை பின்னாலும் போக வேண்டும். இரண்டும் அப்படியே நின்றால் நீங்கள் இழுக்கவில்லை, விரலால் திறந்திருக்கிறீர்கள். கயிறு பொய் சொல்லாது.

நான் ஒரு வாரம் வீட்டு மாடியில் தினமும் நாற்பது, ஐம்பது முறை கயிற்றில் மட்டும் செய்தேன். எதிர்வீட்டுப் பாட்டி அம்மாவிடம் என்ன ஏது என்று விசாரித்தார்.

அடுத்து மூன்று மீட்டர் தூரத்தில் இலக்குப் பலகை. அதில் வட்டத் தாள் ஒட்டக் கூடாது. சைட்டையும் பார்க்க வேண்டாம். இழுத்து, ஆங்கர் வைத்து (கையைத் தாடையில் எப்போதும் அமரும் இடத்தில் அமர்த்தி), கண்ணை மூடி, கைக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் கவனித்து விடுங்கள். பலகையின் நடுவுக்கு நேராக நிற்பதை உறுதிசெய்த பிறகுதான் கண்ணை மூட வேண்டும். சலிப்பாக இருக்கும். இதை மூன்றே நாளில் முடித்துவிட்டு ஐம்பது மீட்டருக்கு ஓடியதுதான் முதல் தடவை நான் செய்த தப்பு.

ஹிஞ்ச் வாயில் குத்தும் என்கிறார்களே?

குத்தும். எனக்கு உள்ளுதடு கிழிந்தது. எங்கள் மைதானத்தில் ஒருவருக்கு முன்பல்லில் விரிசல். ஐம்பது பவுண்டு இழுக்கும் வில்லின் உச்ச எடையில் ரிலீஸ் திடீரென்று திறந்தால், இழுத்துக்கொண்டிருக்கும் கை அதே வேகத்தில் முகத்துக்கு வரும்.

நடப்பது இப்படி: இழுக்கும்போது எடையெல்லாம் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போய்விட்டால் ரிலீஸ் பாதி வழியிலேயே திரும்பிவிடும். ஆகவே இழுத்து முடிக்கும் வரை பாரம் ஆள்காட்டி விரலில் இருக்க வேண்டும். கட்டைவிரல் அதற்கென்று இருக்கும் முளையில் அழுத்தமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது இருக்கும் வரை ரிலீஸ் திரும்பாது. வில் முழுதாக இழுபட்டு, எடை குறைந்து, கை தாடையில் அமர்ந்த பிறகே கட்டைவிரலை எடுங்கள். எடுத்ததும் ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் தளர்த்தி, மற்ற விரல்களுக்குப் பாரம் மெல்ல மாறுமாறு முதுகால் இழுத்துக்கொண்டே இருங்கள். திரும்புவது தானாக நடக்கும்.

விடாமல் இறக்க வேண்டுமா? கட்டைவிரல் திரும்ப முளைக்கு, பாரம் திரும்ப ஆள்காட்டி விரலுக்கு, அப்புறம்தான் இறக்க வேண்டும். புதியவர்கள் இழுப்பதில் காட்டும் கவனத்தை இறக்குவதில் காட்டுவதில்லை. இன்னொன்று, இழுக்கும்போது அம்பு எப்போதும் பலகையை நோக்கியே இருக்கட்டும். வில்லை வானத்துக்குத் தூக்கி இழுக்கிற பழக்கம் இருந்தால் ஹிஞ்ச் வாங்கும் முன் அதை விடுங்கள். தவறி விடுபட்டால் அம்பு எல்லைக்கு வெளியே போகும்படி இழுப்பதை உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிகளும் அனுமதிப்பதில்லை.

ஹிஞ்சில் "கிளிக்" வைத்துக்கொள்வதா, வேண்டாமா?

பிறையில் ஒரு சின்ன வெட்டு இருந்தால், திறப்பதற்குச் சற்று முன் "டிக்" என்று கேட்கும். சிலருக்கு அது ஆறுதல்: கிளிக் கேட்டாயிற்று, இனி இழுத்தால் போதும். சிலருக்கு அதுவே புது விசையாகிவிடும்: கிளிக் கேட்டதும் சுண்டிவிடுவார்கள். ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்புக்கும் உதவும். இழுக்கும்போதே கிளிக் கேட்டால் உடனே இறக்கிவிடலாம். பேனிக்குக்காக மாறியவர்கள் பிறகு கிளிக் இல்லாத பிறைக்குப் போவது நல்லது என்பது என் கட்சி.

எவ்வளவு திரும்பினால் திறக்க வேண்டும் என்பதையும் திருகில் மாற்றலாம். முதல் மாதம் மெதுவாகவே வையுங்கள். அம்பு போகவே மாட்டேன் என்கிறதே என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் திருகில் கை வைக்காமல் இருப்பதும் பயிற்சிதான்.

ரெசிஸ்டன்ஸை எத்தனை பவுண்டில் வைப்பது?

உங்கள் வில்லைப் பொறுத்தது. ஐம்பது பவுண்டு வில்லில் எடைக்குறைப்பு 75 சதவீதம் என்றால் முழுதாக இழுத்து நிற்கும்போது கையில் இருப்பது பன்னிரண்டரை பவுண்டு. அதே வில்லை 80 சதவீதத்துக்கு மாற்றினால் பத்து பவுண்டுதான். ரிலீஸ் திறக்க வேண்டியது இதற்கு மேல் இரண்டு மூன்று பவுண்டில். கையில் இருக்கும் எடைக்கு மிக அருகில் வைத்தால் பாதுகாப்புப் பொத்தானிலிருந்து விரலை எடுத்ததுமே போய்விடும். ரொம்ப மேலே வைத்தால் இழுத்து இழுத்துக் கை நடுங்கும்.

கூடவே வில்லின் "சுவரை"யும் பாருங்கள். இழுத்து முட்டும் இடம் கல்லு மாதிரி இருந்தால் ரெசிஸ்டன்ஸ் ஒரே மாதிரி வேலை செய்யும். பஞ்சு மாதிரி உள்வாங்கினால் கூடுதல் இழுப்பில் பாதியை அதுவே தின்றுவிடும். வில்லில் கை வைத்த பிறகு ரிலீஸைத் திரும்பச் சரிபார்க்க மறந்துவிட்டு, "ரிலீஸ் கெட்டுப்போச்சு" என்று வருகிறவர்களே அதிகம்.

கட்டைவிரல் ரிலீஸில் பொத்தானை விரல் நுனியால் தொடலாமா?

வேண்டாம். நுனிக்கு உணர்ச்சி அதிகம், தட்டத் தூண்டும். பொத்தான் கட்டைவிரலின் இடுக்கு வரை, குறைந்தது முதல் மூட்டு வரை உள்ளே வருமாறு திருப்பி வையுங்கள். விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கையை மொத்தமாக இழுங்கள். பொத்தானை மயிரிழையில் போகும்படி இலேசாக வைக்காமல் நன்றாகக் கனமாக வைப்பது நல்லது.

ரிலீஸ் மட்டும்தானே மாறியது, வில்லையும் மாற்ற வேண்டுமா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். மணிக்கட்டு ரிலீஸில் பெருவிரல் இடுக்கு தாடைக்குப் பின்னால், காதுக்குக் கீழே போய் உட்காரும். கையில் பிடிப்பதில் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளுக்கு இடையில் தாடை எலும்பு உட்காரும். ரிலீஸ் கழுத்தின் நீளமும் மாடலுக்கு மாடல் வேறு. ஆகவே நாண் முகத்தைத் தொடும் இடம் கண்டிப்பாக மாறும்.

ஐம்பது மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் எட்டு சென்டிமீட்டர். வெறும் கணக்காகப் பார்த்தால், அம்பின் பின்முனை அரை மில்லிமீட்டர் விலகினாலே நடுவில் விழ வேண்டிய அம்பு பத்தின் ஓரத்துக்குப் போய்விடும். ரிலீஸ் மாற்றினால் நாண் அரை மில்லிமீட்டர் அல்ல, சில மில்லிமீட்டர்கள் நகர்கிறது.

கண்ணை மூடி இழுத்து, வசதியாக ஆங்கர் வைத்து, தலையை நகர்த்தாமல் கண்ணைத் திறங்கள். நாண் மூக்கு நுனியைத் தொடுகிறதா? பீப் (நாணில் பார்ப்பதற்கென்று இருக்கும் சின்னத் துளை) கண்ணுக்கு நேரே இருக்கிறதா? மூக்கு தொட வேண்டும் என்று தலையைப் பின்னால் சாய்த்தால் இழுப்பு நீளம் கூடிப்போயிருக்கலாம், நாண் கன்னத்துக்குள் புதைந்தாலும் அப்படியே. நாண் முகத்தின் பக்கமே வராமல் முழங்கை மடங்கி நின்றால் குறைவு. உங்கள் பயிற்சியாளரைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், பழைய போட்டோவோடு வைத்துப் பார்த்தால் பட்டென்று தெரியும்.

சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றால் டி-லூப்பைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் கேமில் இழுப்பு நீளத்தைத் தீர்மானிக்கும் துண்டான மாட்யூலை மாற்ற வேண்டும். அதன் பிறகே பீப். பீப்பை மேலே ஏற்றினால் அம்பும் மேலே விழும், சைட் எண்களெல்லாம் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஒரே வேலையை மூன்று முறை செய்வீர்கள்.

அம்புகள் இடம் வலமாக மட்டும் பரவுகின்றன என்றால் பெரும்பாலும் ரிலீஸ் கையின் கோணத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு முறை உள்ளங்கை கீழே பார்க்கிறது, மறுமுறை வெளியே பார்க்கிறது என்றால் டி-லூப் முறுக்கிக்கொண்டு பீப்பையும் திருப்பும்.

கையில் பிடிக்கும் ரிலீஸ் மூன்று விரலுக்கானதா, நாலு விரலுக்கானதா?

எது கைக்குப் பொருந்துகிறதோ அது. சுண்டுவிரல் சும்மா இருக்க முடியாமல் இழுப்பில் தலையிடுகிறது என்றால் மூன்று.

மாற்றிய பிறகு ஸ்கோர் விழுந்துவிட்டது. எத்தனை நாள் பொறுப்பது?

எனக்கு இரண்டாவது முறை இப்படி ஆனது: ஒரு வாரம் கயிறு. மூன்று வாரம் மூன்று மீட்டரில் வெறும் பலகை. பிறகு பத்து மீட்டரில் பெரிய தாள், பதினெட்டு, முப்பது, ஐம்பது. ஒவ்வொரு தூரத்திலும் ஒரு வாரம் அல்லது பத்து நாள். பழைய ஸ்கோர் மூன்றாவது மாதத்தின் கடைசியில் எட்டிப் பார்த்தது. ஒரு தூரத்தில் திரும்பத் தட்ட ஆரம்பித்தால் பின்வாங்கி முந்தின தூரத்துக்கு வருவேன். அதற்கு வெட்கப்பட்டதுண்டு, சின்னப் பையன்கள் பக்கத்தில் ஐம்பதில் எய்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் பலகைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்த நாட்களில் ஸ்கோர் எழுதாதீர்கள். பத்து அம்பில் எத்தனை "நான் விடவில்லை, தானாகப் போனது" என்று மட்டும் எண்ணுங்கள்.

அடுத்த மாதம் மாநிலப் போட்டி. மாற்றலாமா?

கூடாது. இருக்கிற கருவியோடு போய் வாருங்கள்.

பயிற்சிக்கு ஹிஞ்ச், போட்டிக்குக் கட்டைவிரல் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

வைத்திருப்பவர்கள் உண்டு, பலன் பெற்றவர்களும் உண்டு. ஹிஞ்சில் கற்ற இழுப்பைக் கட்டைவிரல் ரிலீஸுக்குக் கொண்டுவருவது நல்ல வழிதான். காற்று அடிக்கும்போது, நேருக்கு நேர் போட்டியில் அம்புக்கு இருபது வினாடி என்று கடிகாரம் ஓடும்போது, கட்டைவிரல் ரிலீஸின் கட்டுப்பாடு பலருக்குத் தேவைப்படுகிறது. ஆனால் இரண்டும் ஒரே ஆங்கரில் உட்கார வேண்டும். சில தயாரிப்பாளர்கள் ஒரே உடலில் இரண்டு வகையும் விற்பது இதற்காகத்தான். மாறிய முதல் ஆறு மாதம் இந்த வேலை வேண்டாம். ஹிஞ்சில் மோசமான நாள் வந்ததும் பழையதைத் தேடிப் பையைத் துழாவுவீர்கள். நான் பழையதை நண்பரிடம் கொடுத்துவிட்டு, கேட்டாலும் தராதே என்று சொல்லிவைத்தேன். கேட்டேன். தரவில்லை.

வியர்வையில் ரிலீஸ் வழுக்குகிறது.

ஏப்ரல், மே வெயிலில் இது பெரிய பாடு. ஹிஞ்சில் விரல் வழுக்கினால் திறக்கும் நேரமே மாறிவிடும். இடுப்பில் ஒரு பருத்தித் துண்டு செருகிக்கொண்டு ஒவ்வொரு அம்புக்கும் கையையும் ரிலீஸையும் துடையுங்கள். பித்தளை உடல் கனமாக இருக்கும், கைக்குள் அசையாமல் நிற்கும் என்று பலருக்குப் பிடிக்கும். ஆனால் வெயிலில் வைத்துவிட்டு எடுத்தால் தோசைக்கல். பைக்குள் வையுங்கள். உள்ளே எண்ணெய் ஊற்றாதீர்கள், மைதானத்துத் தூசி அதில் ஒட்டிப் பிறை ஒரே மாதிரி நழுவாது.

போட்டியில் எந்த ரிலீஸுக்கும் அனுமதி உண்டா?

காம்பவுண்ட் பிரிவில் இயந்திர ரிலீஸ் எல்லாமே சரி. வில்லோடு இணைந்திருக்கக் கூடாது, மின்சாரமோ மின்னணுவோ உள்ளே இருக்கக் கூடாது. ரிகர்வ் (கேம் இல்லாத, முனை வளைந்த வில்) பிரிவில் ரிலீஸே கிடையாது, விரலும் அதைக் காக்கும் தோல் துண்டும்தான். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணி சேர்வதால், ஒலிம்பிக் வில்வித்தை மேடையில் ரிலீஸ் முதல்முறையாகத் தெரியப்போகிறது. 2023இல் பெர்லினில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் காம்பவுண்டில் உலகப் பட்டம் வென்ற பிறகு நம் மைதானங்களிலும் காம்பவுண்ட் பற்றிய விசாரிப்பு கூடியிருக்கிறது.

இரண்டாவதாக ஒன்று வாங்கி வைக்க வேண்டுமா?

கையில் பிடிக்கும் வகை என்றால் ஆமாம். மணிக்கட்டில் கட்டியது தொலையாது, இவை தொலையும். என் முதல் ஹிஞ்ச் ஏதோ ஒரு பஸ் சீட்டுக்கு அடியில் இன்னும் இருக்கும். அதே மாடலை வாங்கி, திருகின் நிலையை நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக் குறித்து, இரண்டையும் ஒரே மாதிரி வையுங்கள். வாங்கிய இரண்டாவதை அலமாரியில் பூட்டாமல் வாரத்தில் ஒரு நாள் அதிலும் எய்யுங்கள். இல்லாவிட்டால் தேவைப்படுகிற அன்று அதுவும் புது ரிலீஸாகத்தான் இருக்கும், மறுபடி கயிற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.